இரண்டாவது கயிறு

ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். பேய்ப் படம் என்றால் அவருக்கு உயிர். பெரிய கம்பெனி எடுத்த படத்தையும், அதைப் பார்த்து ஆறே மாதத்தில் சின்னக் கம்பெனிக்காரர்கள் அவசர அவசரமாக எடுத்த நகலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்ப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நான் சினிமாவில் கயிறு கட்டும் வேலை பார்த்து ஓய்ந்தவன் என்று தெரிந்த நாள் முதல் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். போன மாதம் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பெரிய படத்துல பேய் காத்துல மிதக்குது சார். அதே ஷாட்டு சின்னப் படத்துல கொடியில காயப்போட்ட துணி மாதிரி தொங்குது. ஏன் சார் அப்படி?”

“கயிறுதான் சார் காரணம்,” என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார். அதற்கு மேல் அன்று என்னால் பேச முடியவில்லை. எழுதினால் ஒருவேளை முடியும் என்று தோன்றியது.

நான் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் வேலையைத் தொடங்கியவன். அப்பாவும் அம்மாவும் மதுராந்தகம் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாக வாழ்ந்தவர்கள். நான் இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் தொங்கி, வெடி வைக்கத் துளை போடுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சண்டைக் காட்சி எடுக்க அங்கே ஒரு படக்குழு வந்தது. நான் போட்டிருந்த முடிச்சை அவர்களுடைய ரோப் மாஸ்டர் குனிந்து பார்த்தார். அவிழ்த்தார். திரும்பப் போடச் சொன்னார். அடுத்த வாரமே அவரோடு கிளம்பிவிட்டேன். தொழில் கற்ற வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கயிறு சுமந்தேன், கயிறு இழுத்தேன், உள்ளங்கை தோல் மூன்று முறை உரிந்து நான்காவது முறை காய்த்துப்போனது.

மாஸ்டர் பெயர் பரமசிவம். ஒல்லியான ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எல்லோரையும் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவார், தயாரிப்பாளரையும் சேர்த்து. காலையில் வந்ததும் கம்பிக் கயிற்றைத் தரையில் நீளமாகப் போடச் சொல்வார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கைக்குட்டையை எடுத்து, கயிற்றை அதற்குள் பிடித்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடப்பார். கம்பியில் ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியைக் கொத்தி இழுக்கும். அப்படி இழுத்தால் கோடாலியை எடுத்துக் கயிற்றை அந்த இடத்திலேயே இரண்டாக வெட்டிவிடுவார், வேறு யாரும் எடுத்துக் கட்டிவிடக் கூடாது என்று.

அதற்குப் பிறகு இரண்டு காரியம். எந்த ஷாட்டுக்கும் இரண்டு கயிறு. ஒன்று ஆளைத் தூக்குவதற்கு. இன்னொன்று தளர்வாகக் கூடவே போகும், அதற்கு எந்த வேலையும் கிடையாது. முதல் கயிறு அறுந்தால் மட்டும் அதற்கு வேலை. எல்லாம் கட்டி முடித்ததும், நடிகரோ டூப்போ ஏறுவதற்கு முன்னால் அவரே ஏறித் தொங்குவார். அறுபதை நெருங்கிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தரத்தில் ஆடுவதைப் பார்த்து லைட்காரர்கள் சிரிப்பார்கள். அவர் இறங்கி வந்து, “இப்ப ஏத்து நைனா,” என்பார்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு பெரிய கம்பெனி ஒன்றின் பேய்ப் படத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் வேலை செய்தோம். வெள்ளைப் புடவை கட்டிய பேய், கரையோரப் பாறையிலிருந்து கிளம்பி அலைகளுக்கு மேலே மிதந்து போக வேண்டும். கதாநாயகிக்கு டூப் விமலா. செங்கல்பட்டில் இருந்தவள். முப்பது வயசு இருக்கும். கணவர் இல்லை. ஆறாவது படிக்கும் மகள் ஒருத்தி, பெயர் மஞ்சுளா. விமலாவுக்கு உயரம் பழகியிருந்தது, தண்ணீர் மட்டும் ஆகாது, நீச்சல் தெரியாது. அதனால் கம்பெனியே படகோடு இரண்டு மீனவர்களைக் கடலில் நிறுத்தியிருந்தது. சவுக்குத் தோப்பில் ஆம்புலன்ஸ் நின்றது.

கணினியில் கயிற்றை அழித்துவிடலாம் என்ற வசதி அப்போதுதான் வந்திருந்தது. அந்த வேலைக்காக வந்திருந்த பையனிடம் மாஸ்டர் போய், “எவ்ளோ தடிமன் வரைக்கும் அழிப்ப நைனா?” என்று கேட்டார்.

“எவ்ளோ தடியா இருந்தாலும் அழிச்சிடலாங்க.”

மாஸ்டர் திரும்பி வந்து, கட்டியிருந்த இரண்டு கயிற்றையும் அவிழ்க்கச் சொல்லி, விரல் தடிமனுக்கு இரண்டு கயிறு கட்டினார். அன்று மதியம் காற்று ஏறியது. கைக்குட்டையைக் கப்பியின் மேல் போட்டார். ஷாட் கிடையாது என்று அர்த்தம். இருநூறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். யாரும் அவரிடம் வந்து ஏன் என்று கேட்கவில்லை. கம்பெனிக்கு நல்ல மனசு என்று சொல்ல மாட்டேன். காத்திருக்க அவர்களுக்கு வசதி இருந்தது, அவ்வளவுதான்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. உடனே நகல்கள் புறப்பட்டன. அதில் ஒன்றின் இயக்குநர் ரகு என்னைத் தேடி வந்தார். பத்து வருஷம் உதவியாளராக இருந்து, கிடைக்காமல் கிடைத்த முதல் படம். கெட்டவர் இல்லை. அந்த மிதக்கும் ஷாட்டை அப்படியே வேண்டும் என்றார். கடலுக்குப் பதில் கல்குவாரி. நான் துளை போட்ட அதே குவாரி. வேலை நின்றுபோய்ப் பச்சைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ராத்திரியில் எடுக்க விளக்குகளுக்கு வசதியில்லை. பட்டப்பகலில் நீல வடிகட்டி போட்டு, வெளிச்சத்தைக் குறைத்து, வானம் தெரியாமல் எடுத்தால் திரையில் ராத்திரி ஆகிவிடும். டூப்பும் அதே விமலாதான்.

மாஸ்டரைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார், கம்ப்யூட்டர் உண்டா என்று. இல்லை என்றதும் வர முடியாது என்று சொல்லிவிட்டார். என்னிடமும் சொன்னார்: “அழிக்க முடியாத எடத்துல ஒளிச்சி வெக்கச் சொல்வாங்க நைனா. ஒளிச்சி வெக்கிற கயிறு மெல்லிசா இருக்கும். பாத்துக்க.”

நான் ஒத்துக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு மேல் அவருக்குப் பின்னால் நின்றுவிட்டேன். டைட்டிலில் என் பெயருக்கு முன்னால் ‘மாஸ்டர்’ என்று போடுவதாக ரகு சொன்னார். வேறு எந்தக் காரணமும் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பாறையின் உச்சியில் இரும்புக் குழாய்களைப் பிணைத்து வெளியே பத்தடி நீட்டி, அதன் நுனியில் கப்பிகளை மாட்டினேன். வாடகைக்கு வந்த மெல்லிய கம்பிக் கயிறு இரண்டு. பாறை நிறத்தில் கலந்துபோக வேண்டும் என்று அவற்றுக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தோம். பெயிண்ட் காய்ந்ததும் மாஸ்டரைப் போலவே துணியை வைத்து நடந்தேன். வழவழவென்று போனது. எங்கும் கொத்தவில்லை. இரண்டு கயிற்றிலும் நான் தொங்கிப் பார்த்தேன். பத்து மணிக்கு விமலாவை இறக்கினோம். கீழே எதிர்த் திட்டில் கேமரா. உச்சியிலிருந்து முப்பதடி கீழே அவள். அவளுக்குக் கீழே இன்னொரு அறுபதடியில் தண்ணீர். அதற்குள்ளே உடைந்த பாறைகள் இருப்பது எனக்குத் தெரியும். உடைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஷாட் முடிந்து ரகு மேலே ஏறி வந்தார். முகம் வாடியிருந்தது.

“சாமுவேல், ரெண்டு கயிறும் தெரியுது.”

“பெயிண்ட் இன்னொரு கோட்டிங் அடிக்கிறேன் சார்.”

“அதெல்லாம் ஆவாது. ஒரு கோடு தெரிஞ்சா பிரிண்டுல கீறல்னு நெனச்சிக்குவான். ரெண்டு கோடு தெரிஞ்சா ஊஞ்சல்னு சொல்லிச் சிரிப்பான். ஒண்ண எடுத்துடு.”

“எடுக்கக் கூடாது சார்.”

“பெரிய படத்துல வேலை செஞ்ச ஆளுன்னு நம்பித்தான உன்னக் கூப்ட்டேன்? இந்த ஒரு ஷாட்டுதான் சாமுவேல் என் படமே. ரெண்டு மணிக்கு மேல பாறை நிழல் தண்ணில வுழுந்துடும். நாளைக்கு இந்த எடம் நமக்கு இல்ல.”

அவர் குரல் கெஞ்சியது. அதட்டியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ. விமலா பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் பூசிய மாவு கலையாமல் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீ சொல்லுண்ணா. எடுத்துடலாமா?”

“ஒண்ணும் ஆவாது விமலா. நான்தான் கீறேன்ல,” என்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வார்த்தை இன்னும் என் காதில் என் குரலிலேயே கேட்கிறது.

இரண்டாவது கயிற்றை அவிழ்த்தேன். மறுபடியும் நான் தொங்கிப் பார்த்திருக்க வேண்டும். நிழல் இறங்கிக்கொண்டிருந்தது. நேரே அவளை இறக்கினோம். கயிற்றைப் பிடித்திருந்தது நான்கு பேர். முன்னால் நின்றவன் கன்னியப்பன், குவாரிக் காலத்திலிருந்து என் கூட்டாளி. நான் கப்பிக்கு நேராகப் பாறை விளிம்பில் படுத்திருந்தேன்.

அவள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கீழே ரகு கையை உயர்த்தினார். கேமரா ஓட ஆரம்பித்தது. புடவை காற்றில் விரிந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் கணம் பெரிய படத்தைவிட அழகாக இருந்தது.

அப்போது ஒரு சத்தம். நகம் வெட்டும்போது கேட்குமே, அவ்வளவுதான் சத்தம்.

கப்பியைப் பார்த்தேன். கறுப்புக் கயிற்றிலிருந்து ஒரு இழை முள் மாதிரி எழுந்து நின்றது. நுனி வெள்ளையாக மின்னியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று எழுந்தது.

“யாரும் இழுக்காதீங்க,” என்றேன். “வுடவும் வாணாம். அப்டியே நில்லுங்க.”

“இன்னா அண்ணாத்த?” என்றான் கன்னியப்பன்.

“கயிறு அறுந்துகினு கீது. ஆடாத.”

மேலே இழுத்தாலும் கீழே விட்டாலும் அந்த இடம் கப்பியில் வளைய வேண்டும். வளைந்தால் அறுந்துவிடும். வெடி வைத்த காலத்து இரும்பு முளை ஒன்று பாறையில் இன்னும் இருந்தது. பக்கத்தில் கிடந்த நைலான் கயிற்றின் ஒரு முனையை அதில் கட்டினேன். மறுமுனையில் ஆள் நுழையும் அளவுக்கு இறுகாத வளையம் ஒன்று போட்டேன். முடிச்சு தானாக விழுந்தது. வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த இரும்புக் குழாயின் மேல் குப்புறப் படுத்து நுனிக்கு நகர்ந்தேன். குழாய் முனகியது. நைலானைக் குழாயின் மேலே போட்டு, வளையத்தைக் கீழே இறக்கினேன்.

“விமலா.”

அவள் நிமிரவில்லை. ஷாட் இன்னும் ஓடுகிறது என்று நினைத்து, உதடு அசையாமல் கேட்டாள். “இன்னாண்ணா?”

“தலைக்கு மேல ஒரு கயிறு வருது. பதறாத. தலை வழியா மாட்டி, ரெண்டு கையையும் அதுக்குள்ள வுட்டுக்க. மெதுவா.”

அவள் இப்போது நிமிர்ந்தாள். என்ன நடந்திருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். இரண்டு கையையும் தூக்கி வளையத்தைப் பிடித்தாள். விக்கு முடி மாட்டிக்கொண்டது. விலக்கினாள். வளையம் தலையைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது. அந்த அசைவில் அவள் மெல்லச் சுழன்றாள். என் காதுக்குப் பக்கத்தில் மூன்றாவது இழை அறுந்தது.

“வலது கை. வலது கைய வுடு.”

வலது கையை நுழைத்தாள்.

“எடது கை.”

இடது முழங்கை மடங்கிக்கொண்டிருக்கும்போது கயிறு அறுந்தது. அறுந்த முனை என் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனதைக்கூட அப்போது உணரவில்லை. அவள் ஐந்தடி விழுந்தாள். விழும்போது மகளைக் கூப்பிட்டாள்.

“மஞ்சுளா!”

நைலான் இறுகியது. பள்ளிக்கூடப் பை மாட்டிய மாதிரி, ஒரு பக்கம் கழுத்தோரமும் இன்னொரு பக்கம் அக்குளிலும் வளையம் பிடித்துக்கொண்டது. வலது தோள் எலும்பு விலகியதை நான் கண்ணால் பார்த்தேன். நான்கு பேரும் ஓடிவந்து நைலானைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்கிற ஒவ்வொரு முழத்துக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. விளிம்புக்கு வந்ததும் கன்னியப்பன் அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. அறுந்த கறுப்புக் கயிறு அவள் இடுப்பிலிருந்து இன்னும் தொங்கியது.

கீழே கேமராவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. நிறுத்தச் சொல்ல வேண்டிய ரகு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தோள் மூட்டைச் சரிசெய்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. கழுத்தைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலது கை முன்போல் மேலே போகாது என்றார்கள். மாலையில் மாஸ்டர் வந்தார். நான் வராந்தாவில் கன்னத்தில் தையலோடு நின்றிருந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் எப்போதும் போலத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“துணி வெச்சிட்டுப் பெயிண்ட் அடிச்சியா, பெயிண்ட் அடிச்சிட்டுத் துணி வெச்சியா?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அறுந்த இழைகளைப் பெயிண்ட் மூடி ஒட்டிவிட்டிருக்கிறது. துணி எப்படிக் கொத்தும்?

“அடிச்சிட்டு வெச்சேன் மாஸ்டர்.”

“ரெண்டாவது கயித்த எடுத்தப்புறம் நீ தொங்கினியா?”

“இல்ல மாஸ்டர்,” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே போய் விமலாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு போடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் வராந்தாவிலேயே நின்றேன்.

விமலாவுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. மறைமலைநகர் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் துணி தரம் பார்க்கும் வேலை கிடைத்தது. கை மேலே போக வேண்டாத வேலை. மாஸ்டர்தான் யார் யாரையோ பார்த்து ஏற்பாடு செய்தார். நான் மறுபடியும் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் தொழிலை நிறுத்திய பிறகு தனியாகச் செய்தேன். பெரிய படம், சின்னப் படம், எல்லாம் செய்தேன். இரண்டாவது கயிற்றை எடுக்கச் சொன்னவர்களிடம் எடுத்த கதையைச் சொல்வேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரிய கம்பெனிகளிலும் பிறகு பிறகு அவசரம் வந்துவிட்டது. அங்கேயும் இரண்டு முறை பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன்.

அந்தப் படத்தை ரகு எப்படியோ முடித்தார். செங்கல்பட்டில் ஒரு தியேட்டரில் ஒரு வாரம் போட்டார்கள். அம்மா நடித்த படம் என்று மஞ்சுளா பிடிவாதம் பிடித்திருக்கிறாள். விமலா ஆள் அனுப்பி என்னையும் வரச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. போகாமல் இருக்கவும் துணிவில்லை. மதியக் காட்சி. மஞ்சுளாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம்.

டைட்டிலில் வந்தது: ‘ரோப்: மாஸ்டர் சாமுவேல்’.

“மாமா பேரு! மாமா பேரு!” என்று மஞ்சுளா கை தட்டினாள். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த மாதிரிப் படங்களுக்கு எப்போதும் வரும் கூட்டம்தான். பேய் வந்தால் சிரிப்பு. கதாநாயகன் பயந்தால் விசில். ஒருவன் எழுந்து, “டேய், நிலா ராத்திரில நெழலு பட்டப்பகல் மாதிரி வுழுதுடா,” என்று கத்தினான். பகலில் எடுத்தது அவனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

கடைசிக்குப் பக்கத்தில் குவாரி வந்தது. மிதக்கும் ஷாட்டை அவர்கள் நீளமாக வைக்கவில்லை. கேமராக்காரர் முகத்துக்கு நெருக்கிப் பிடித்திருந்த இரண்டு மூன்று நொடி மட்டும். விக்கு முடி சரிந்து நைலானை மறைத்திருந்தது. கண்கள் விரிந்திருந்தன. வாய் அகலத் திறந்தது.

அந்த மாதிரிப் படங்களில் சத்தத்தைப் பிறகுதான் சேர்ப்பார்கள். மஞ்சுளா என்ற பெயர் ‘ஆ’வென்று வாயைத் திறந்து முடிகிற பெயர். அந்தத் திறந்த வாய்க்கு ஒரு சிரிப்பு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. யாரோ ஒரு டப்பிங் பெண் தொண்டையைக் கிழித்துக்கொண்டு சிரித்திருந்தாள். தியேட்டர் முழுக்க அந்தச் சிரிப்பு.

அதுவரைக்கும் விசிலடித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப் என்று ஆகிவிட்டது. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரிய ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மஞ்சுளா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அடிபட்ட கை.

“அம்மா! இன்னாம்மா இப்டி சிரிக்கிற!”

நான் வாயைத் திறந்தேன். மகளின் தலைக்கு மேலாக விமலா என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் மஞ்சுளா அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குச் சரியாக வரவில்லை, பாதியில் நிஜச் சிரிப்பாகிவிட்டது.

“இப்டியாம்மா?”

“இல்ல,” என்றாள் விமலா. நல்ல கையால் மகளின் தாடையைப் பிடித்தாள். “இன்னும் கொஞ்சம் வாயத் தொற.”

பஸ் வருகிறதா என்று நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.